யாகதே கிமி நி நரு: யூ மாறினாளா, தன்னைக் கண்டுகொண்டாளா?

நிலாமுற்றம்

'யாகதே கிமி நி நரு' மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) எட்டுத் தொகுதிகளையும் மூன்றாவது தடவையாகப் படித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். முதல் தடவை நல்ல காதல் கதை படித்த நிறைவு இருந்தது. இந்தத் தடவை ஒரு கேள்வி மனதில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முழுக்கதையையும் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் போகாது.

புதியவர்களுக்காகக் கொஞ்சம். நகதானி நியோ எழுதி வரைந்தது. 2015 முதல் 2019 வரை தெங்கெகி தாயோ மாத இதழில் 45 அத்தியாயங்களாக வந்தது. ஆங்கிலத்தில் 'ப்ளூம் இன்டு யூ'. கொய்தோ யூ உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்தவள். நடுநிலைப் பள்ளி முடிந்த நாளில் உடன் படித்த பையன் ஒருவன் அவளிடம் காதலைச் சொல்லியிருக்கிறான். நல்ல பையன், பழகியவன். மங்காவிலும் பாட்டிலும் வருகிற காதல் சொற்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அகராதி பார்க்காமலே பொருள் தெரியும். யாராவது காதலைச் சொன்னால் றெக்கை முளைத்துப் பறப்போம் என்று நினைத்திருந்தாள். சொன்னான். கால் தரையிலேயே இருந்தது.

மாணவர் மன்றத்தில் இருக்கும் நனாமி தோகோ ஒரு வகுப்பு மூத்தவள். யாரைப் பார்த்தும் நெஞ்சு படபடத்ததே இல்லை என்கிறாள். தன்னைப்போல் ஒருத்தி கிடைத்தாள் என்று யூவுக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்தப் பையனுக்குத் தொலைபேசியில் மறுப்புச் சொல்லும்போது தோகோதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். பேசி முடித்ததும், உன்மேல் காதல் வந்துவிடும்போல் இருக்கிறது என்கிறாள். கிடைத்த துணை கிடைத்த வேகத்தில் போய்விட்டது.

என் கேள்வி இதுதான். எட்டாம் தொகுதியில் யூவும் தோகோவும் சேர்ந்துவிடுகிறார்கள். அப்படியானால் முதல் அத்தியாயத்தில் நாம் பார்த்த யூ யார்? காதல் வராத பெண்ணா, இன்னும் வராத பெண்ணா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு 'இன்னும்'தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பெரிய சுமையாகத் தெரிகிறது.

ஓசூர் ராகவன்

மாறினாள் என்றே நான் சொல்ல மாட்டேன். அவளுக்குள் முதலிலிருந்தே இருந்தது, அவளுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. காதல் இடி மாதிரி இறங்கும் என்று கதைகள் சொல்லிக்கொடுத்துவிட்டன. அவளுக்கு வந்தது ஈரம் ஊறுகிற மாதிரி. தோகோ சோர்ந்திருக்கும்போது யூவுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவள் அழுதுவிடக் கூடாது என்று தன் ஆசையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். இதெல்லாம் ஒன்றும் தோன்றாதவள் செய்கிற வேலையா?

யாழினி வாசிப்பு

ராகவன் அண்ணா, கோபிக்காதீர்கள். இந்த வாதத்தைத்தான் எனக்குக் கேட்க முடியவில்லை.

எனக்கு 31 வயது. யார்மேலும் அந்த மாதிரி எண்ணம் வந்தது இல்லை. ஆணிடமும் இல்லை, பெண்ணிடமும் இல்லை. வீட்டில் ஜாதகம் எடுத்த காலத்தில் சித்தி என்னைச் சமையலறையில் தனியாக உட்கார வைத்து, யாரையாவது பிடித்திருந்தால் தைரியமாகச் சொல்லு, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பாசமாகத்தான் கேட்டார். கையில் பாதி உரித்த பூண்டு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு இல்லை சித்தி என்றேன். அவர் நம்பவில்லை. உனக்கே தெரியாமல் இருக்கும், ஒருநாள் தெரியும் என்றார்.

உள்ளே இருக்கிறது, அடையாளம்தான் தெரியவில்லை என்று நீங்கள் யூவைப் பற்றிச் சொன்னது எனக்கு அந்தச் சமையலறையில் கேட்டது.

முதல் அத்தியாயத்தைப் படித்தபோது முதல்முறையாக ஒரு காதல் கதை என்னைப் பற்றிப் பேசுகிறது என்று நினைத்தேன். றெக்கை முளைக்கவில்லை, கால் தரையில் இருந்தது என்கிற அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அடுத்தடுத்த தொகுதிகளில் யூ என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். கடைசித் தொகுதியை நான் வெகுநாள் பிரிக்கவே இல்லை.

நிலாமுற்றம்

யாழினி, நான் சுமை என்று சொன்னது இதைத்தான். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

ஓசூர் ராகவன்

மன்னித்துவிடுங்கள் சகோதரி. யூ என்கிற பாத்திரத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன், அதைப் படிக்கிற ஆளை யோசிக்கவில்லை. ஆனால் கேட்கிறேன், மக்கியை எப்படிப் பார்க்கிறீர்கள்?

யாழினி வாசிப்பு

மக்கி இல்லையென்றால் இந்தப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்திருப்பேன்.

மக்கி மாணவர் மன்றத்தில் யூவோடு வேலை செய்கிற பையன். மற்றவர்களின் காதலைப் பார்ப்பதில் அவனுக்கு அத்தனை ஆனந்தம், தனக்கு வேண்டாம். ஒரு பெண்ணுக்குக் காதல் விஷயத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கடைசியில் அவனிடமே காதலைச் சொல்லிவிட்டாள். மேடையில் நடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பார்வையாளர் பக்கம் திரும்பித் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவனுக்கு. நான் இருக்கையில் உட்கார்ந்திருக்கிற ஆள், என்னை ஏன் மேடைக்கு இழுக்கிறாய் என்கிற திகைப்பு. அது எனக்கு நடந்திருக்கிறது. அதை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முக்கியமான விஷயம், கதை அவனைச் 'சரிசெய்யவில்லை'. கடைசிவரை அவன் அப்படியேதான் இருக்கிறான். வருத்தமில்லாமல், தனிமையாகத் தெரியாமல், மற்றவர்களுக்கு நல்ல நண்பனாக. யூ நானும் உன்னைப்போலத்தான் என்று சொல்லும்போது அவன்தான் தலையாட்ட மறுக்கிறான்.

செந்தில் சொல்வனம்

இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஜப்பானிய மொழி படித்தது ஒரு பகுதி இந்த மங்காவை மூலத்தில் படிக்கத்தான். மொழிப் பக்கமிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன், நிலாமுற்றம் கேட்ட கேள்விக்கே அது போய்ச் சேரும் என்று நினைக்கிறேன்.

முதலில் தலைப்பு. 'யாகதே' என்றால் நாளடைவில், போகப்போக. 'கிமி' என்றால் நீ. 'நி நரு' என்றால் ஆகிறது, ஆவது. சேர்த்துப் பார்த்தால் நாளடைவில் நீயாவது. யார் ஆவது? எழுவாயே இல்லை. நான் நீயாகிறேனா, அவள் நீயாகிறாளா, நீயே நீயாகிறாயா, எதையும் சொல்லவில்லை. ஜப்பானிய மொழியில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு, தமிழிலும் அப்படியே. 'நீயாதல்' என்று ஒரே சொல்லில் நிறுத்திவிடலாம். ஆங்கிலத் தலைப்பு அழகுதான், ஆனால் அதில் ஒரு பூ வந்துவிட்டது. மூலத்தில் பூ கிடையாது.

இந்தத் தலைப்பைத் தோகோமேல் வைத்துப் பாருங்கள். அவளுடைய அக்கா மியோ மாணவர் மன்றத் தலைவியாக இருந்தபோதே விபத்தில் இறந்துபோனவள். அன்றிலிருந்து தோகோ அக்காவைப்போல் சிரித்து, அக்காவைப்போல் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்து, அக்காவாகவே ஆகிவிடப் பார்க்கிறாள். நாளடைவில் நீயாவது. இறந்தவளைப் பார்த்துச் சொன்னால் அதே தலைப்பு உடம்பை நடுங்க வைக்கிறது.

அடுத்தது 'சுகி'. மங்காவில் காதலைச் சொல்லும் இடங்களில் வருவது பெரும்பாலும் இந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் அது பல இடத்தில் ஐ லவ் யூ ஆகிவிடும். அப்போது நான் என்கிற ஆள் செய்கிற ஒரு செயலாக அது மாறிவிடுகிறது. சுகி செயல் அல்ல, ஒரு நிலை. தமிழில் அதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: பிடிக்கும். எனக்கு உன்னைப் பிடிக்கும். நான் என்று தொடங்க முடியாது, எனக்கு என்றுதான் தொடங்க வேண்டும். சோற்றையும் பிடிக்கும், மழையையும் பிடிக்கும், ஆளையும் பிடிக்கும். சுகியும் அப்படித்தான், சாப்பாட்டுக்கும் அதுவே, உயிருக்குயிரானவருக்கும் அதுவே. எந்த அளவு என்பதைக் கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் சொல்லில் ஒரு பிடி இருக்கிறது. பிடித்தல் என்றால் விரும்புவது, பற்றிக்கொள்வதும்தான். தோகோ பயப்படுவது இதற்குத்தான். உன்னை இப்படிப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால், இப்படி இல்லாமல் போனால் பிடிக்காது என்றும் ஆகிவிடுகிறதே, அந்தச் சொல் ஆளைக் கட்டிப்போடுகிறதே என்று நினைக்கிறாள். அதனால்தான் யாரையும் காதலிக்காத யூ அவளுக்கு வேண்டும். நீ என்னை விரும்பாமலே இரு என்பதுதான் அவள் வைக்கிற நிபந்தனை.

இந்த மங்காவை வைத்து எடுத்த அசைபடத் தொடரான அனிமேயின் ஆறாம் பகுதித் தலைப்பைப் பாருங்கள். ஒரே வரி இரண்டு தடவை வருகிறது, நடுவில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறுகிறது. தமிழில் கிட்டத்தட்ட இப்படி வரும்: சொற்களைப் பூட்டி, சொற்களால் பூட்டி. முதலாவது யூ செய்வது. தன் மனதில் வந்ததை வெளியே விடாமல் பூட்டிவைக்கிறாள். இரண்டாவது தோகோ செய்வது. தன் சொற்களை வைத்தே யூவைப் பூட்டுகிறாள். நம் வேற்றுமை உருபை மாற்றினால் அந்த வித்தியாசம் அப்படியே கிடைத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மீன்கொத்தி

நான் அனிமே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். 13 பகுதி. அது போதாதா? நீங்கள் பேசுவதில் பாதி எனக்குத் தெரியவில்லை.

நிலாமுற்றம்

போதவே போதாது. 2018இல் வந்த அந்த அனிமே அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி விழா நாடகம் மேடையேறும் முன்பே முடிந்துவிடுகிறது. ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும் தோகோவை யூ எழுப்பி, மாற வேண்டிய இடம் வந்துவிட்டது என்று சொல்வதோடு சரி. நாடகம் ஆறாம் தொகுதியில் இருக்கிறது. அதைப் படிக்காமல் இந்தக் கதையைப் படித்ததாகச் சொல்ல முடியாது.

தாழம்பூ

நாடகம் என்றதும் வந்துவிட்டேன். கல்லூரியில் மூன்று ஆண்டு நாடகக் குழுவில் இருந்தவள் நான், பெரும்பாலும் திரைக்குப் பின்னால்.

நாடகத்தை எழுதுவது யூவின் தோழி கொயோமி. நினைவிழந்த ஒரு பெண் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். பள்ளித் தோழி, தம்பி, காதலி என்று மூன்று பேர் வந்து, நீ இப்படிப்பட்டவள் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எது உண்மையான நான் என்று அவள் தேடுகிறாள். முதல் வடிவத்தில் கடைசியாக அவள் காதலி சொன்ன ஆளாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பாள். முடிந்தது நாடகம்.

அந்தப் பெண்ணாக நடிப்பது தோகோ. காதலியாக நடிப்பது தோகோவின் நெருங்கிய தோழி சயாகா. செவிலியாக நடிப்பது யூ.

யூ போய் முடிவை மாற்றச் சொல்கிறாள். அது என்னை உலுக்கிய இடம். தோகோவிடம் நேராகச் சொல்லிப் பார்த்தாயிற்று. அக்காவாக ஆக வேண்டாம் என்று ஆற்றின் நடுவில், மிதிகற்களில் நின்றுகொண்டு சொன்னபோது தோகோ முகத்தில் அடித்ததுபோல் மறுத்துவிட்டாள். வாயால் சொன்னால் ஏற்காதவளை ஒரு பாத்திரத்துக்குள் அனுப்பி, அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைக்கிறாள் யூ. மாற்றிய முடிவில் நாயகி மூன்று பேரில் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு, இப்போது இருக்கிற நான் போதும் என்று வெளியே வருகிறாள்.

ஒத்திகையில் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பெண் அம்மாவை இழந்த மகளாக நடித்தாள். நிஜத்திலும் அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரியாது. இருபது நாள் வசனத்தைச் சுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தோராம் நாள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். அழவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை, மெதுவாக, தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். மேடை அதைச் செய்யும். தோகோவின் முகத்தை ஆறாம் தொகுதியில் பார்த்தபோது எனக்கு அந்த ஒத்திகை அறைதான் ஞாபகம் வந்தது.

அக்கா மியோவும் உண்மையில் அப்படி ஒன்றும் அப்பழுக்கற்றவள் இல்லை என்பதை அவளோடு படித்தவர் ஒருவர் சொல்லித்தான் தோகோவுக்குத் தெரிகிறது. வேலையை மற்றவர் தலையில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிகிற ஆளாம். தோகோ இத்தனை வருடம் நகலெடுத்தது இல்லாத ஒருத்தியை.

கூதிர்க்காலம்

தன்னைத் தேடுவது என்றால் எனக்கு ஷிமுரா தகாகோவின் 'ஹோரோ முசுகோ' மங்காதான். 2002 முதல் 2013 வரை காமிக் பீம் இதழில் வந்தது, 15 தொகுதி. ஆங்கிலத்தில் 8 தொகுதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெண்ணாக இருக்க விரும்பும் நிதோரி, ஆணாக இருக்க விரும்பும் தகாட்சுகி. ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது. அதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தகாட்சுகி ஆண் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நிதோரி ஒருநாள் பெண் சீருடையில் வருகிறாள். பள்ளியே தலைகீழாகிவிடுகிறது. கேலி, கிசுகிசு, ஆசிரியர்களின் பதற்றம், அப்புறம் வெகுகாலம் அந்தத் தழும்பு. அதே துணி, அதே பள்ளி. யார் எந்தப் பக்கம் கடந்தார் என்பதற்கு இரண்டு தண்டனை. ஷிமுரா இதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் வைக்கவில்லை. வெள்ளை இடம் நிறைய விட்டு, நீர்த்த கோடுகளில் வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்.

கடைசியில் தகாட்சுகிக்கு அந்த விருப்பம் முன்போல் இல்லாமல் போகிறது, நிதோரிக்குப் போகவில்லை. 'அப்போ சும்மாதானா அது' என்று தகாட்சுகியைச் சிலர் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு இருந்தது அன்றைக்கு உண்மை. யூவைப் பற்றிய இந்த வாதத்துக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மழைக்கால் வாசகி

யாரும் சயாகாவைப் பற்றிப் பேசாதது எனக்குத் தாங்கவில்லை.

சயாகா நடுநிலைப் பள்ளியில் மூத்த மாணவி ஒருத்தியின் காதலை ஏற்றுக்கொண்டவள். கொஞ்ச நாளில் அந்த மூத்தவள், நாமென்ன இன்னும் சின்னப் பிள்ளைகளா என்கிற மாதிரி பேசிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு வயது. சயாகாவுக்கு அதுதான் தான் யார் என்று தெரிந்த நாள். இந்த வித்தியாசம் எத்தனை பேரை உடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்து. 'இது ஒரு பருவம், போய்விடும்' என்று எனக்குச் சொன்னவர்களுக்குக் கணக்கே இல்லை.

அதனால்தான் காபிக் கடை வைத்திருக்கும் மியாகோ எனக்கு அவ்வளவு முக்கியம். அவளும் பள்ளி ஆசிரியை ரிகோவும் சேர்ந்து வாழ்கிறார்கள். சயாகா அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்து பேசுகிற பக்கங்களில் பெரிய வசனம் ஒன்றும் இல்லை. காபி வருகிறது, கேட்கிறாள், மியாகோ கேட்டுக்கொள்கிறாள். இப்படியும் வளர்ந்து பெரியவர்களாகி ஒரு கடை நடத்திக்கொண்டு இருக்கலாம் என்பதை ஒரு பதினேழு வயதுப் பெண் கண்ணால் பார்க்கிறாள். அனிமே வந்தது 2018 அக்டோபரில். இங்கே தன்பால் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு அதே ஆண்டு செப்டம்பர் 6. அந்த மாதங்களை நான் இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

பள்ளிச் சுற்றுலாவில் கியோட்டோவில் சயாகா தோகோவிடம் தன் காதலைச் சொல்கிறாள். கிடைக்காது என்று தெரிந்துதான் சொல்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கும் ஒரு துணை இருக்கிறது. இருமா ஹிதோமா சயாகாவுக்காகவே மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

அதே கடைசி அத்தியாயத்தில் யூ, தோகோ விரல்களில் மோதிரம் இருக்கிறது. ஜப்பானில் தன்பால் திருமணத்துக்கு நாடு முழுவதற்குமான சட்டம் இன்றைக்கும் இல்லை. 2015இல் தோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் தன் அளவில் இணையர் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது, இந்த மங்கா தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த மோதிரத்தை யாரும் கொடுக்கவில்லை, அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஓசூர் ராகவன்

இரண்டு நாளாக யோசித்தேன். யாழினி சொன்னதை வைத்து ஏழாம் தொகுதியைத் திரும்ப எடுத்தேன். நான் முதலில் சொன்னது தவறு என்றே படுகிறது. யூ காதல் தானாக வரும் என்று காத்திருந்தவள். வானத்திலிருந்து விழ வேண்டும், றெக்கை முளைக்க வேண்டும். அது நடக்கவே இல்லை, கடைசிவரை நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் காத்திருப்பதை நிறுத்திவிட்டு, இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று தானாகக் கையை நீட்டுகிறாள். உள்ளே இருந்தது வெளியே வரவும் இல்லை, இல்லாதது முளைக்கவும் இல்லை. தேர்ந்தெடுக்கிறாள். தேர்ந்தெடுக்கலாம் என்றால் தேர்ந்தெடுக்காமலும் இருக்கலாம். மக்கி அந்த இன்னொரு பதில்.

செந்தில் சொல்வனம்

அருமை ராகவன். பிடிக்கும் என்பதிலிருந்து பிடிக்கிறேன் என்பதற்கு. எனக்கு என்று தொடங்கிய வாக்கியம் நான் என்று தொடங்குகிறது.

யாழினி வாசிப்பு

அந்த வாசிப்பை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. சித்திக்கும் ஒருநாள் இப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நேற்று இரவு எட்டாம் தொகுதியைப் பிரித்தேன். முடித்துவிட்டு, முதல் தொகுதிக்குப் போய் அந்தத் தொலைபேசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். தோகோவுக்கு யூவைப் பிடித்துப்போகிற நேரம் எது என்று கவனித்திருக்கிறீர்களா? யூ ஒரு பையனிடம், எனக்கு அப்படித் தோன்றவில்லை, மன்னித்துக்கொள் என்று உண்மையைச் சொல்லி முடிக்கிற நேரம். குரல் நடுங்காமல் இருக்கத் தோகோவின் கையை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். கையைக் கேட்டு வாங்கியதும் யூதான், நாம் தோகோ பிடித்தாள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நிலாமுற்றம், அந்தப் பக்கத்தை ஒருதடவை எடுத்துப் பாருங்கள். எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

நிலாமுற்றம்

புத்தகம் தங்கையிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிடுவேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.